டிரம்மை அனுப்பியவன் யார்?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. மித்தி ஆற்றங்கரையில் டிரம் கழுவிப் பிழைக்கும் நம்மவர்களின் கொட்டகைகளில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. இதை எதிர்த்துச் சங்கம் குரல் கொடுக்க வேண்டும் என்பது தீர்மானம். அதை நானும் ஆதரித்தேன். ஆனால் அதில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். ‘டிரம் கழுவிய தண்ணீர் இனி ஆற்றில் விழாது என்பதற்கு நாமும் பொறுப்பேற்கிறோம்’ என்பதே அந்த வரி.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ‘இவர் எந்தப் பக்கம் பேசுகிறார்?’ என்று ஒரு தோழர் கேட்டார். ‘மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற ரயில்வே குமாஸ்தாவுக்கு அன்றாடங்காய்ச்சியின் வயிறு தெரியாது’ என்றார் மற்றொருவர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முடிவில் தலைவர் தலையிட்டு, ‘சொல்ல வேண்டியதை நம் பத்திரிகையில் எழுதுங்கள். எல்லோரும் படிக்கட்டும். பொதுக்குழுவில் முடிவு செய்வோம்’ என்று கூறினார். ஆகவே எழுதுகிறேன். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். விஞ்ஞானி அல்ல. கேட்டும் படித்தும் கண்ணால் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

இனிப்பு என்று பெயர்

மித்தி ஏதோ சாக்கடை என்றுதான் நம் பிள்ளைகள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதை ‘நாலா’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் பிறந்ததிலிருந்து அது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது ஆறு. விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர் சேர்ந்து உண்டாகும் ஆறு. சாக்கி நாக்கா வழியாக வந்து, விமான நிலையத்தை ஒட்டி வளைந்து, குர்லாவைத் தொட்டு, பாந்த்ரா-குர்லா வளாகத்தையும் நம் தாராவியையும் கடந்து, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது.

இந்த நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் முதன்முதலில் எங்கிருந்து வந்தது தெரியுமா? விஹார் ஏரியிலிருந்து. மித்தியின் தலைப்பில் அணை போட்டுத்தான் 1860-இல் அந்த ஏரியைக் கட்டி முடித்தார்கள். எந்த ஆற்றின் தண்ணீரைக் குடித்துப் பம்பாய் வளர்ந்ததோ, அந்த ஆற்றில் இன்று காலை நனைத்தால் சொறி வருகிறது. ‘மீட்டி’ என்றால் இந்தியில் இனிப்பு. பெயரில் மட்டும்தான் இனிப்பு மிஞ்சியிருக்கிறது.

2018-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகளைக் கணக்கெடுத்து 351 என்று பட்டியல் போட்டது. அதில் 53 மகாராஷ்டிரத்தில். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அந்தப் பட்டியலையும் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். மிகவும் மோசமான முதல் தரத்தில், பவாய் முதல் தாராவி வரை என்று குறிப்பிட்டு, நம் மித்தியைச் சேர்த்தார்கள்.

தண்ணீர் சாவது எப்படி?

தண்ணீருக்கும் மூச்சு உண்டு. அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டுதான் மீன் வாழ்கிறது. அழுக்கு சிறிதளவு விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று தீர்த்துவிடும். தின்னும்போது அவை பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. ஓடுகிற தண்ணீர் காற்றிலிருந்து அதை மறுபடி ஈடு செய்துகொள்ளும். இப்படித்தான் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது.

அழுக்கு அளவு மீறினால்? கிருமிகள் இருக்கிற பிராணவாயு முழுவதையும் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும். அதன் பிறகு காற்றில்லாமலே பிழைக்கும் வேறு வகைக் கிருமிகள் வேலையைத் தொடங்கும். அவை வெளியிடுகிற வாயுதான் அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. நம் வீட்டுப் பெண்களின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போவதும் அந்த வாயுவால்தான். சேறு கறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அதிகாரிகள் இதற்குப் ‘பி.ஓ.டி.’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தீர்க்கக் கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படும் என்பதே அந்தக் கணக்கு. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் ஆயிரம் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தொழிற்சாலை ஆற்றில் விடுகிற கழிவுநீருக்கு 30 கிராம் வரை சலுகை. மித்தியைச் சேர்த்திருக்கும் முதல் தரம் என்பது, ஆற்றுத் தண்ணீரிலேயே அந்த 30 கிராமைத் தாண்டிய இடங்களுக்கு உரியது. அதாவது தொழிற்சாலைக் குழாயிலிருந்து வருவதற்கு விதித்த எல்லையைவிட ஆறே கெட்டுக் கிடக்கிறது என்று பொருள்.

யாருடைய அழுக்கு?

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். மித்தியில் விழுவதில் பெரும்பங்கு மலக்கழிவும் வீட்டுக் கழிவுநீரும்தான். அது குடிசைக்காரனுடையது மட்டுமல்ல. பாதாளச் சாக்கடை சரியாக இணைக்கப்படாத மாடி வீடுகளின் கழிவும் மழைநீர்க் கால்வாய் வழியாக அதில்தான் வந்து சேர்கிறது. தபேலாக்களின் சாணம் சேர்கிறது. ஆறு அகலமாக ஓடிய இடத்தை விமான ஓடுதளத்துக்காக வளைத்தார்கள். அலையாத்திக் காடு நின்ற சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கி, கண்ணாடி மாளிகைகள் எழுப்பினார்கள். அந்த மாளிகைக்காரர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதில்லை. 2005-க்குப் பிறகு ஆற்றைத் தூர்வாருகிறோம் என்று ஆண்டுதோறும் பணம் செலவழித்தார்கள். அதில் 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025 மே மாதம் மும்பைப் போலீஸே வழக்குப் பதிவு செய்தது.

இவ்வளவும் உண்மை. நம் மேடைகளில் இவற்றை நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

மலக்கழிவைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. மும்பையில் தாராவி உள்பட ஏழு இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அவை ஓடினால் அந்த அழுக்கு குறையும். ஆனால் அந்த நிலையங்களும் கிருமிகளைக் கொண்டுதான் சுத்தம் செய்கின்றன. ஆசிட்டும் கரைப்பான் எண்ணெயும் பூச்சிமருந்தும் உள்ளே போனால் அந்தக் கிருமிகளே செத்துவிடும். குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தக் கிருமியும் தின்னாது. அவை சேற்றில் தங்கும். சேற்றிலிருந்து நண்டுக்கும் மீனுக்கும் ஏறும். மாஹிம் கழிமுகத்தில் வலை வீசிப் பிழைத்த கோளி மீனவர்கள் நமக்கு முன்னே தாராவியில் இருந்தவர்கள். அவர்கள் தொழிலைக் கெடுத்ததில் நம் பங்கு எவ்வளவு என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணாச்சியின் கை

டிரம் தொழில் என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து இந்தப் பத்திரிகை வாங்குகிற அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயிண்ட், பசை, பூச்சிமருந்து, சாயம், ஆசிட் ஆகியவை வரும் இரும்பு டிரம்மையும் பிளாஸ்டிக் டிரம்மையும் தொழிற்சாலைகள் காலியானதும் பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிடும். வியாபாரியிடமிருந்து அவை நம்மவர்களின் கொட்டகைக்கு வரும். அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி, காஸ்டிக் சோடாவோ தின்னரோ ஊற்றிக் குலுக்கிக் கழுவி, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, மேலே சாயம் அடித்தால் டிரம் புதிதாகிவிடும். நல்ல தொழில்தான். நூறு டிரம்மைக் காப்பாற்றினால் அவ்வளவு இரும்பும் பிளாஸ்டிக்கும் மிச்சம். நாட்டுக்கு லாபமான வேலை. ஆனால் கழுவிய தண்ணீர்? பின்பக்கம் ஓடும் நாலாவில். நாலா மித்தியில்.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், நாங்குநேரிப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ரேகை கிடையாது. ரேஷனுக்கு விரல் வைத்தால் மெஷின் ஏற்க மறுக்கிறது. அவர் மகன் பதினெட்டு வயதில் ஒரு டிரம்முக்குள் தலையை விட்டுச் சுரண்டியபோது மயங்கி விழுந்தான். அக்கம்பக்கத்தார் காலைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். எந்த மருந்து வந்த டிரம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. டிரம் வரும்போதே அதன்மேல் ஒட்டியிருந்த கம்பெனித் தாளைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘தம்பி, அதிகாரிங்க வாராங்க, போட்டா எடுக்காங்க, கொட்டகையை மூடுன்னு சொல்லுதாங்க. கழுவுறவன் யாருன்னு கேக்காங்க. இந்த டிரம்மு எங்கிருந்து வருது, அனுப்புனவன் யாருன்னு ஒருத்தனும் கேட்டதில்ல.’

இந்தக் கட்டுரை எழுதுவதற்கே அந்தக் கேள்விதான் காரணம்.

பார்சல் ஆபீசில் கற்ற பாடம்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்சல், சரக்கு ஆபீஸ்களில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவன். ஒரு கூடை மாம்பழமானாலும் அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், உள்ளே என்ன சரக்கு, என்ன எடை என்று எழுதாமல் நாங்கள் வாங்க மாட்டோம். ஆசிட், பெட்ரோல், வெடிமருந்து என்றால் அதற்கென்றே ‘ரெட் டாரிப்’ என்று தனி விதிப்புத்தகம் இருக்கிறது. எப்படிக் கட்ட வேண்டும், என்ன சீட்டு ஒட்ட வேண்டும், எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்று வரிவரியாக இருக்கும். சரக்கு கசிந்து யாருக்காவது தீங்கு நேர்ந்தால் முதலில் புரட்டுவது அந்தச் சீட்டைத்தான். சுமை இறக்கிய போர்ட்டரைப் பிடித்து, ‘நீதான் குற்றவாளி’ என்று எவரும் சொல்வதில்லை.

ரயிலில் போகும் ஆசிட்டுக்குச் சீட்டு உண்டு. லாரியில் போகும் ஆசிட் டிரம்முக்குக் கிடையாதா என்று விசாரித்தேன். தோழர்களே, அதற்கும் சட்டம் இருக்கிறது! அபாயகரமான கழிவுகளுக்கான விதிகள் முதலில் 1989-இல் வந்தன. 2016-இல் அவற்றைத் திருத்தி விரிவாக்கினார்கள். இரசாயனம் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி டிரம்மும் அபாயகரமான கழிவே என்று அந்த விதிகளின் அட்டவணையில் அச்சிட்டிருக்கிறது. தொழிற்சாலைக்காரன் அதை அனுமதி பெற்ற நிலையத்துக்கு மட்டுமே கொடுக்கலாம். கொடுக்கும்போது பத்தாம் நம்பர் படிவத்தில் சீட்டு எழுத வேண்டும். பல நிறங்களில் பல பிரதிகள். அனுப்புபவருக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று. எங்கள் பார்சல் சீட்டு போலவேதான். தவறாகக் கையாண்டு தீங்கு விளைந்தால் அனுப்பியவனுக்கும் பொறுப்பு உண்டு.

இன்னொரு விதியையும் கேளுங்கள். அதே 2016 விதிகளில் ஐந்தாவது விதி. கழிவை மறுசுழற்சி செய்யும் தொழிலுக்குத் தொழிற்பேட்டைகளில் இடமோ கொட்டகையோ ஒதுக்கித் தருவது மாநில அரசின் பொறுப்பு. அந்தத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், அவர்கள் குழுவாகச் சேர உதவ வேண்டும், பயிற்சி தர வேண்டும், ஆண்டுதோறும் அவர்கள் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். இது யாருடைய கோரிக்கை மனுவிலும் உள்ளதல்ல. அரசாங்கமே அச்சிட்ட விதி.

நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சங்கப் பொறுப்பில் இவ்வளவு காலம் இருக்கும் எனக்கே சென்ற ஆண்டுதான் தெரிந்தது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இந்த விதி தூங்குகிறது? அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்பினால் கம்பெனிக்குச் செலவு. பழைய சாமான் வியாபாரிக்கு விற்றால் வரவு. அந்த வித்தியாசத்தை யார் சுமக்கிறார்கள்? அண்ணாச்சியின் உள்ளங்கை சுமக்கிறது. மித்தி சுமக்கிறது. லாபம் ஒரு பக்கம் போகிறது, விஷம் மறுபக்கம் வருகிறது. தாளைக் கிழித்துவிட்டு அனுப்புகிறார்கள் என்றால், செய்வது தப்பு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்றுதானே பொருள்?

பாலாறு சொல்லும் பாடம்

நம் ஊருக்குப் போய் வருவோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து அன்பர்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. தாராவியில் தோல் தொழிலை வளர்த்தவர்களிலும் தமிழ்நாட்டார் பலர். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு அங்கே வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ‘கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பினால்தான்.

பிறகு என்ன நடந்தது? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்! தீர்ப்பு வந்தபோது தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு இன்று குழந்தை இருக்கும். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, அதைத் தட்டி எழுப்ப அமைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து விழுந்தது. பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்ததுபோல அவர்கள் நம் ஊருக்குப் போனார்கள். 2022 ஜனவரியில் சூரத் நகரத்தை அடுத்த சச்சின் தொழிற்பேட்டையில், டாங்கர் லாரி ஒன்றிலிருந்து இரசாயனக் கழிவை நாலாவில் திறந்துவிட்டபோது கிளம்பிய விஷ வாயுவில் ஆறு தொழிலாளிகள் செத்தார்கள்.

ஆகவே தோழர்களே, ஆற்றில் விஷம் கலப்பது ஏதோ மீனையும் மரத்தையும் நேசிக்கிற பணக்காரர்களின் கவலை என்று எண்ணாதீர்கள். விஷம் ஆற்றுக்குப் போகும் வழியில் முதலில் தொழிலாளியைத் தொடுகிறது. பிறகுதான் மீனைத் தொடுகிறது.

‘உண்மையைச் சொன்னால் விரட்டுவார்களே!’

கூட்டத்தில் எழுந்த ஆட்சேபணைகளில் கனமானது இதுதான். ‘டிரம் கழுவிய தண்ணீர் ஆற்றில் விழுகிறது என்று நாமே எழுதினால், அதையே சாட்சியாக வைத்து நம்மை அப்புறப்படுத்துவார்கள். ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்ற சாக்கில் எத்தனை குடிசை போயிற்று!’

இந்தப் பயம் வீண் பயமல்ல. 2005 ஜூலை 26-ஐ யார் மறக்க முடியும்? சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று இரவு குர்லாவிலிருந்து தண்டவாளத்தோரமாக இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வீடு சேர்ந்தேன். அந்தத் தண்ணீர் மழைநீர் போல இல்லை. டீசல் நாற்றமும் கறுப்பு நிறமுமாக இருந்தது. இரண்டு வாரம் காலெல்லாம் கொப்புளம். அதன் பிறகு நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. அடுத்த மாதமே மித்திக்கென்று அரசாங்கம் ஒரு வாரியம் அமைத்தது. ஆற்றை இரண்டு துண்டாக்கி, ஏறக்குறைய 12 கிலோமீட்டரை மாநகராட்சிக்கும் 6 கிலோமீட்டரை மும்பைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கரையோரக் குடிசைகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. இடிக்கும் வேலை மட்டும் குறித்த நாளில் நடந்தது.

அப்புறப்படுத்தி எங்கே கொண்டு வைக்கிறார்கள்? தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்தில் இருந்த குடும்பங்களைச் சுத்திகரிப்பு ஆலைகளின் அண்டையில் இருக்கும் மாஹுலில் குடியேற்றினார்கள். அங்கே உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சொல்லியிருந்தது. அங்கே போகும்படி மக்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது.

இவையெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நாம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒரு கொட்டகையாவது தப்பியதா? டிரம் கழுவுவது அதிகாரிகளுக்குத் தெரியாத இரகசியமா? அவர்கள் கையில் போட்டோவே இருக்கிறது. நம் மெளனத்தால் மறைந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: டிரம்மை அனுப்பிய கம்பெனியின் பெயர். நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நாம் காப்பாற்றி வருவது அவனைத்தான்.

மேலும், கொட்டகையை மூடினால் ஆறு சுத்தமாகுமா? ஆகாது. சில வருடங்களுக்கு முன் ஒரு சந்தில் நான்கு கொட்டகைகளை மூடினார்கள். டிரம் வருவது நின்றதா? இரண்டு கல் தள்ளி வேறொரு நாலா ஓரத்தில் இரவு நேரத்தில் வேலை நடந்தது. பகலில் கழுவியவன் இரவில் கழுவினான், கூலி குறைந்தது, அவ்வளவுதான். ஆற்றுக்கும் லாபமில்லை, தொழிலாளிக்கும் லாபமில்லை. ஆற்றின் பெயரால் நம்மை விரட்டுகிறவர்களுக்கு ஆற்றின்மீது அக்கறை இல்லை என்று நாம் சொல்கிறோம். சரி, அப்படியானால் அக்கறை உள்ளவர்கள் நாம் என்பதைக் காட்ட வேண்டாமா?

என்ன செய்யலாம்?

வெறும் பேச்சோடு நிறுத்தக் கூடாது என்பதால் பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது: இன்றிலிருந்து டிரம் வரும் இடங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். என்ன தேதி, எத்தனை டிரம், மேலே ஒட்டிய தாளில் என்ன பெயர், என்ன இரசாயனம், எந்த வியாபாரி கொடுத்தார். தாள் கிழிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். மாலையில் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் நானே எழுதித் தருகிறேன். அதுதானே என் தொழில். ஆறு மாதம் எழுதினால் ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலைப் போல வலிமையான மனு வேறில்லை.

இரண்டாவது: ஐந்தாவது விதியை அமல் செய்யச் சொல்லி மாநில அரசின் தொழில் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் மனு கொடுப்போம். பொதுவான ஒரு கழுவுமிடம், அதனுடன் சேர்ந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி, கையுறை, முகமூடி, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, தொழிலாளர் பதிவு. ஒரு சிறு கொட்டகைக்காரனால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்க முடியாது. நூறு பேர் சேர்ந்தால், அரசும் சேர்ந்தால் முடியும். சுத்திகரிப்பு வசதி ஓடாத தொழிற்சாலை ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டிருக்கிறது. பெரிய தொழிற்சாலைக்கு உள்ள அதே நீதியை, சிறியவனுக்கு உரிய உதவியோடு நாம் கேட்கிறோம்.

மூன்றாவது: தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் கட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்போம். இந்த வட்டாரத்தில் காலி டிரம்களை அனுப்பியதாகப் படிவம் கொடுத்த கம்பெனிகள் எத்தனை? நோட்டுப் புத்தகத்தில் உள்ள பெயர்களையும் அந்தப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். தேவைப்பட்டால் புனேயில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டுவோம். பாதிக்கப்பட்ட எவரும் அங்கே போகலாம்.

நான்காவது: கோளி மீனவர் சங்கத்தாரையும், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்து அதே டிரம்களைக் கழுவுகிற தொழிலாளிகளையும், குஜராத்திக் குயவர்களையும் நம் கூட்டத்துக்கு அழைப்போம். ஆற்றுக்கு மொழி கிடையாது. நாம் மட்டும் தமிழில் தனியே கத்திக்கொண்டிருந்தால் நம்மைத் தனியே பிரித்து விரட்டுவது சுலபம்.

இதெல்லாம் நடக்கும்வரை அண்ணாச்சி வகையறா என்ன சாப்பிடுவார்கள் என்று அந்தத் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. கொட்டகையை நாளைக்கே மூடச் சொல்லி நான் எழுதவில்லை. மாற்றிடம் கொடுக்கும்வரை மூடக் கூடாது என்பதுதான் தீர்மானத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். ஆனால் அதுவரைக்கும்கூட டிரம்மின் அடியில் தங்கியதை நாலாவில் கொட்டாமல் தனியே ஒரு பீப்பாயில் சேர்த்து வைக்கலாம். பூச்சிமருந்து டிரம்மையும் தாள் கிழித்த டிரம்மையும் வாங்க மறுக்கலாம். ஒருவர் மறுத்தால் வியாபாரி அடுத்த கொட்டகைக்குப் போவான். எல்லோரும் சேர்ந்து மறுத்தால்? சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது அதற்காகத்தானே!

அண்ணாச்சியின் மகன் இப்போது டிரம்முக்குள் தலையை விடுவதில்லை. ஒரு கூரியர் கம்பெனியில் சாமான் சுமக்கிறான். போன வாரம் என்னைப் பார்த்து, ‘மாமா, நீங்க சொன்ன அந்த நோட்டை நான் எழுதுறேன்’ என்றான். அப்பாவின் கொட்டகைக்கு வரும் டிரம்களை நான்கு நாளாகக் குறித்து வைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் பதினேழு டிரம். அதில் பதினொன்றில் தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பொதுக்குழுவுக்குக் கொண்டு வருகிறேன். நீங்களும் வாருங்கள், பாருங்கள். பார்த்துவிட்டு அந்த ஒரு வரியைச் சேர்க்கலாமா கூடாதா என்று கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.